மூன்று கிழமை கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் பதில் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைக் கடைக்கு வந்த ஒரு ரீச்சர்தான் வெட்டிக் கொண்டுவந்து தந்தார். மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடுகிற திறந்த மூல மென்பொருளுக்குக் காசு இல்லை, திருட்டு வின்டோஸ் போட்டு வைரஸ் வாங்குவதைவிட இவற்றைப் பாவியுங்கள் என்று எழுதியிருந்தது. எழுதியவருக்கு நன்றி. நான் 2013இலிருந்து கடையில் வின்டோஸுக்குப் பதில் லினக்ஸும், எம்.எஸ். ஒஃபிஸுக்குப் பதில் லிப்ரே ஒஃபிஸும்தான் வைத்திருக்கிறேன், ஆகவே அதில் சொன்ன நன்மைகளில் ஒன்றையும் மறுக்க வரவில்லை. ஆனால் கட்டுரை 'காசு இல்லை' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இந்த மென்பொருள் நாளைக்கு எப்படி மாறும், எது இருக்கும், எது போகும் என்று யார் முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவில் எங்களைப் போல வெறுமனே பாவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமுண்டா என்ற கேள்வி அதில் இல்லை. எனக்கு அந்தக் கேள்வி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி, தட்டச்சு, லாமினேற்றிங், படிவம் நிரப்புவது. மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொண்டு போகிறவர்கள், நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர்கள், கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். ஆனால் கடையை ஓட வைப்பது மரண அறிவித்தலும் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டும்தான். தட்டச்சு செய்வது ஒரு அக்கா. 80களில் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர், பிறகு அதே விரல் பழக்கத்தோடு பாமினி எழுத்துருவுக்கு வந்தவர், அதற்குப் பிறகு நான் வற்புறுத்தி, எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யூனிகோடுக்கு வந்தவர். யூனிகோடுக்கு வந்தும் விரல் மாறவில்லை, ஏனென்றால் பழைய தட்டச்சு ஒழுங்கிலேயே யூனிகோடு அடிக்க ஒரு கீபோட் அமைப்பு நாங்கள் பாவித்த மென்பொருளில் இருந்தது. திரையைப் பார்க்கவே மாட்டார், கையெழுத்துப் பிரதியில் கண் இருக்கும், விரல் தன்பாட்டில் ஓடும்.

அந்த வெள்ளிக்கு முதல் நாள் இரவு நான் அப்டேட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் தம்பலகாமத்திலிருந்து ஒரு பொடியன் தகப்பனின் மரண அறிவித்தலுக்கு வந்து நிற்கிறான். பின்னேரம் தகனம், அதற்கு முன் சந்திகளில் ஒட்ட ஐம்பது பிரதி வேண்டும். அக்கா இருந்து அடிக்கிறார், திரையில் தமிழ் எழுத்துத்தான் வருகிறது, ஆனால் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. கீபோட் பட்டியலைத் திறந்து பார்த்தால் எங்கள் அமைப்பைக் காணவில்லை. வேறு மூன்று தமிழ் அமைப்புகள் இருக்கின்றன, அக்காவுக்கு அந்த மூன்றும் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் அடித்த மனுசி ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பொடியன் ஒன்றும் சொல்லவில்லை, வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் நான் கைபேசியில் அடித்து, அதைக் கணினிக்கு அனுப்பி, ஒருவாறு முடித்தோம். பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டியது ஒரு மணிக்குப் போனது. செத்த வீட்டு வேலையில் இரண்டு மணித்தியாலம் என்றால் என்னவென்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மென்பொருளின் பெயரை நான் எழுதவில்லை. அவர்களைத் தூற்றுவது நோக்கமில்லை. பிறகு நடந்ததைப் பார்த்தால் தூற்றுவதற்கு இடமுமில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி கம்பஸில் கணினி படிக்கிறார். அன்று பின்னேரம் வந்து பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுத் தந்தார். அதோடு விடாமல், அந்த அமைப்பு ஏன் போனது என்றும் தேடினார். திறந்த மூலத்தின் உண்மையான பெருமை இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது: எந்த மாற்றத்தை யார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்குச் செய்தார் என்று எல்லாம் பதிவில் கிடக்கும், யாரும் போய்ப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்காது. பதிவில் இருந்த கதை சின்னது. பராமரிப்பவர்கள் மூன்று பேர், மூவரும் பகலில் வேறு வேலை செய்துவிட்டு இரவில் இதைச் செய்கிறவர்கள். எங்கள் கீபோட் அமைப்பில் ஒரு பழைய பிழை இருந்திருக்கிறது, திருத்த ஆளில்லை. இதை யாராவது பாவிக்கிறீர்களா, எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று கிழமை பொறுத்திருக்கிறார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எடுத்துவிட்டார்கள்.

அந்த மூன்று கிழமையும் அக்கா எங்கள் கடையில் தினமும் அதே கீபோட்டில்தான் அடித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். இலங்கையில் எங்களைப் போல இன்னும் எத்தனை கடைகள், எத்தனை அக்காமார் இருப்பார்கள்! கேட்டது ஆங்கிலத்தில், எங்களுக்கு இருப்பதே தெரியாத ஓர் இடத்தில். நாங்கள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வருடமாக அவர்களுடைய உழைப்பில் சம்பாதித்த நான், இப்படி ஒருவன் திருகோணமலையில் இருக்கிறேன், உங்கள் மென்பொருளில்தான் என் அடுப்பு எரிகிறது என்று ஒரு வரி எழுதியதில்லை.

சரி, இப்போதாவது எழுதுவோம் என்று தம்பியின் உதவியோடு எழுதினோம். முதலில் வந்த பதில், மூலம் திறந்துதான் இருக்கிறது, நீங்களே திருத்தி அனுப்பலாம் என்றது. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. தச்சனிடம் போய்க் கதிரை ஆடுகிறது என்று சொன்னால் உளி அங்கே இருக்கிறது என்று காட்டுவதா? ஆனால் அடுத்த நாள் அவர்களில் இன்னொருவர் எழுதினார். தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இருக்கிற அமைப்புகளில் எது யாருக்குப் பயன்படுகிறது, எது சரியாக அடிக்கிறது என்று தன்னால் கண்டுபிடிக்க வழியில்லை, நீங்கள் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அக்கா இரண்டு பின்னேரம் இருந்து 247 எழுத்தையும், அதற்கு மேல் ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். பிழை எங்கே என்று அரை மணியில் பிடித்துவிட்டார். தட்டச்சு இயந்திரத்தில் 'கெ' அடிக்க வேண்டுமென்றால் கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரத்தை அடிப்போம், கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில். யூனிகோடோ ககரத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால்தான் சேமிக்கிறது. ஆகவே கீபோட் அமைப்பு இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். 'கெ'யில் அது சரியாக மாற்றியது, 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று வரும்போது, வேகமாக அடித்தால் தடுமாறியது. அக்கா அதற்குப் பழகி, ஒகர வரிசை வரும்போது மட்டும் ஒரு நொடி தாமதித்து அடித்து வந்திருக்கிறார், வருடக்கணக்காக, எனக்கே சொல்லாமல்! இதைத் தம்பி ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்த பதிப்பில் அமைப்பு திரும்ப வந்தது, பிழையும் திருத்தப்பட்டு.

அவர்கள் மூவரும் அக்காவைவிடக் கெட்டிக்காரர்கள்தான், கணினியில். ஆனால் அக்காவின் விரலுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. பாவனையாளர் குரல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தக் கதையைக் கேட்ட ஒருவர், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். சும்மா தருகிறார்கள், வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்பதுதான் அவர் சொல்ல வந்தது. நான் இதை நிறைய யோசித்தேன். மாடு தந்தவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மாட்டை நம்பி ஒருவன் வயல் விதைத்துவிட்டால், மாடு எப்படி இருக்கிறது என்று சொல்ல அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அதோடு எல்லாமே தானமும் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கருவில் நிரல் எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் நிறுவனங்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள். சம்பளம் கொடுப்பவரின் தேவை முதலில் போகும், அது எங்கும் உள்ளதுதான். அப்படியிருந்தும் அங்கே லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு விதியைப் பல வருடமாக விடாமல் பிடித்திருக்கிறார்: கருவில் செய்த மாற்றத்தால் பாவனையாளரிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனால் அது கருவின் பிழை, பாவனையாளர் மீது பழி போடக் கூடாது. லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டெபியன் குழு 1997இல் எழுதி வைத்த சமூக ஒப்பந்தத்தில், எங்கள் முன்னுரிமை பாவனையாளர்களும் கட்டற்ற மென்பொருளும்தான் (திறந்த மூலத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆக நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, அவர்களே ஏற்றுக்கொண்ட ஒன்றுதான்.

ஆனால் அது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. 2010இல் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பில் சாளரத்தை மூடும் பொத்தான்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டு போனார்கள். பாவனையாளர்கள் கொதித்தார்கள். இது சனநாயகம் அல்ல, வடிவமைப்புக்கு வாக்கெடுப்பு நடத்துவதில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார் அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வேர்த். 2017இல் வந்த 17.10 பதிப்பில் அந்தப் பொத்தான்கள் வலப்பக்கத்துக்கே திரும்பி வந்தன. 2011இல் லினக்ஸில் பலரும் பாவித்த க்னோம் என்ற மேசைத்திரையின் மூன்றாம் பதிப்பு வந்தபோது மேசைத்திரையே தலைகீழாக மாறியது, சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானைக்கூடக் காணவில்லை. அர்ஜென்டினாவில் இருந்த ஒரு பாவனையாளர் பழைய பதிப்பைப் பிரித்தெடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார், எங்கள் கடையின் இரண்டு பழைய கணினிகளில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. அவருக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் பிடிக்காவிட்டால் பிரித்துக்கொண்டு போ என்ற உரிமை நிரல் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும்தான் உரிமை. அக்கா எதைப் பிரித்துக்கொண்டு எங்கே போவார்?

ஒன்றில் மட்டும் ஷட்டில்வேர்த் சொன்னதோடு நான் உடன்படுகிறேன், கொஞ்சம் வேறு காரணத்துக்காக. பாவனையாளர் குரல் என்றவுடன் பலரும் வாக்கெடுப்பைத்தான் நினைக்கிறார்கள். வாக்கெடுப்பு வந்தால் முதலில் தோற்பது நாங்கள்தான். உலகம் முழுக்க வாக்குக் கேட்டால் தமிழ்த் தட்டச்சு ஒழுங்கில் அடிப்பவர்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? எண்ணிக்கை பார்த்து முடிவெடுப்பது எங்களுக்குப் புதிதில்லை, அது சிறிய தொகையினரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று இந்த மாவட்டத்தில் தமிழருக்கும் தெரியும், முஸ்லிம்களுக்கும் தெரியும், சிங்களவருக்கும் தெரியும். கணினி தானாக அனுப்பும் பாவனைக் கணக்கை வைத்து முடிவெடுத்தாலும் இதே கதைதான். டேட்டா காசு மிச்சம் பிடிக்க இணையத்தைப் பாதி நேரம் நிறுத்தி வைக்கும் என் கடைக் கணினி அந்தக் கணக்கில் வரவே வராது. ஒன்றை எடுப்பதற்கு முன் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்கள் யார் என்று தேடிப் பார்க்க வேண்டும், அவர்களுக்கு எட்டுகிற இடத்தில், விளங்குகிற மொழியில் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான், வாக்குச் சீட்டு இல்லை.

பாவனையாளர் கையிலேயே பிறந்த மென்பொருள்களும் இருக்கின்றன என்பதை உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, முதலீட்டாளர்களிடமிருந்து மூலத்தை மீட்க ஒரு லட்சம் யூரோ வேண்டும் என்று அதை உருவாக்கிய டொன் ரோசண்டால் பாவனையாளர்களிடமே கேட்டார். ஏழு கிழமையில் சேர்ந்துவிட்டது. அதே வருடம் ஒக்டோபரில் அது எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. கோஹா என்ற நூலக மென்பொருள் நியூசிலாந்தில் லெவின் என்ற சின்ன ஊரில் பிறந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்ற நிலையில், அங்கிருந்த பொது நூலகத்தார் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தாங்களே சொல்லி எழுதுவித்து, மற்ற நூலகங்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. லிப்ரே ஒஃபிஸை நடத்தும் அறக்கட்டளையில் மொழிபெயர்ப்பு, பிழை சோதிப்பு, கையேடு எழுதுவது செய்கிறவர்களும் உறுப்பினராகலாம், உறுப்பினர்கள்தான் அதன் இயக்குநர் சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வரி நிரலும் எழுதத் தெரியாத தமிழ் ஆசிரியர் ஒருவருக்கு அங்கே வாக்குரிமை கிடைக்கும் என்பது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேண்டாம், தூரத்துக்குப் போக வேண்டாம். எங்கள் கடற்கரைக்கே வருகிறேன். 2004 டிசம்பர் 26 எனக்கு இருபத்திரண்டு வயது. அலைக்குப் பிறகு ஒரு பாடசாலையில் இருந்த முகாமில் பெயர் எழுதும் வேலை எனக்கு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்களைத் தேடிக்கொண்டு வருவார்கள். ஒரே ஆளின் பெயரை நான் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதியிருப்பேன், அடுத்த முகாமில் இன்னொருவர் வேறு மாதிரி எழுதியிருப்பார், பட்டியலில் இரண்டு பேராக நிற்கும், தேடி வந்த தாய்க்கு இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்போம். இரண்டு நாள் கழித்துத்தான் இருப்பது தெரியவரும். அதே நாட்களில் கொழும்பில் கணினித் துறையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் காணாமல் போனோர், முகாம்கள், உதவும் அமைப்புகள், தேவைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிய ஒரு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுதான் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். பிறகு பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் ஹெயிட்டி பூகம்பத்துக்கும் அது போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்காகக் கொடுக்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்குத்தான் கிடைத்தது. இலங்கைக்காரர் எல்லாரும் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டிய பெயர். அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதிய கை என்ற முறையில் எனக்கு ஒரு ஏக்கம் மட்டும் உண்டு: முகாமில் எழுதியவனுக்கும் கொழும்பில் நிரல் எழுதியவனுக்கும் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பாவது இருந்திருந்தால், பெயர் எழுதுவதில் உள்ள இந்தச் சிக்கலை நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நடுவில் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளை எங்கள் சுகாதார அமைச்சு முன்பே பாவித்து வந்தது, அதை நன்றாக அறிந்த வைத்தியர்களும் நிரலாளர்களும் இங்கே இருந்தார்கள். 2020 ஜனவரியில் கொரோனா வந்தவுடன் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பதிந்து கண்காணிக்கும் பகுதியை இங்கேயே அதன்மேல் செய்தார்கள், அதை முன்மாதிரியாக வைத்து ஒஸ்லோவில் எல்லா நாடுகளுக்குமாக ஒன்று தயாரானது. பாவிக்கிறவரின் தேவையும் செய்கிறவரின் கையும் பக்கத்தில் இருந்ததால் ஒரு சின்ன நாட்டின் தேவை உலகத்தின் மென்பொருளுக்குள் போனது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் மட்டும் பேசியவனாவேன். பாவனையாளர் குரல் என்ற பெயரில் ஒரு மனிதரை நொறுக்கவும் முடியும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளை வருடக்கணக்காக ஒருவர் கிட்டத்தட்டத் தனியாகவே பார்த்து வந்தார். 2022இல் சிலர் வந்து ஏன் இவ்வளவு தாமதம், உன்னால் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில் உதவிக்கு வந்த புதியவர் கையில் பொறுப்புப் போனது, அவர் உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகித்துத் தோண்டியதால்தான் உலகம் தப்பியது. அன்றைக்கு நெருக்கியவர்கள் உண்மையான பாவனையாளர்களே இல்லை என்றுதான் இன்று பலரும் நம்புகிறார்கள். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் முதல் கடிதத்தில் நானும் கோபமாக இரண்டு வரி எழுதியிருந்தேன், தம்பிதான் வெட்டினார். கேட்பதற்கு உரிமை இருக்கிறது என்பதால் எப்படியும் கேட்கலாம் என்று ஆகாது. பராமரிப்பவரும் பகல் வேலை முடித்து வந்து இருக்கிற ஒரு மனிதர்.

தமிழுக்கு இது ஏன் அவசரம் என்று கேட்டால், ஹங்கேரிக்காரரைப் பாருங்கள் என்பேன். அவர்கள் மொழியும் எங்கள் மொழி போலவே ஒரு சொல்லின் பின்னால் ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்குச் செய்த எழுத்துப்பிழைதிருத்தி அதற்குப் போதவில்லை. அதனால் லாஸ்லோ நேமெத் என்பவர் ஏற்கெனவே இருந்த ஒன்றை விரிவாக்கி ஹன்ஸ்பெல் என்று ஒன்றை எழுதினார். அது இன்றைக்கு லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், குரோம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு மொழிக்காரர் தங்கள் குறையைச் சரியாகச் சொல்லி, சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டியதால் உலகமே பயன் பெற்றது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்று அக்கா அடித்தால் இன்றைக்கும் எங்கள் கணினி சிவப்புக் கோடு போடுகிறது. அக்கா அந்தக் கோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், நானும் அணைத்து வைத்துவிட்டேன். அணைத்து வைத்தது என் பிழை. எந்தெந்தச் சொல்லுக்குக் கோடு விழுகிறது என்று எழுதி அனுப்பியிருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் சிலரிடம். பாடசாலைக் கணினி அறையிலோ, நூலகத்திலோ, பிரதேச சபையிலோ திறந்த மூல மென்பொருள் போடுகிறவர்கள், அங்கே வேலை செய்கிற ஒருவரையாவது அந்தத் திட்டத்தின் அறிவித்தல்களைக் கிழமைக்கு ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள், அதை அவருடைய வேலையாகவே கணக்கிடுங்கள். காசு மிச்சம் என்று மகிழ்கிற அலுவலகம் அந்த மிச்சத்தில் இரண்டு மணித்தியாலத்தையாவது திருப்பிக் கொடுக்கட்டும். கம்பஸில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்குச் செயற்றிட்டம் கொடுக்கும் விரிவுரையாளர்களே, மாணவர்களை இப்படியான ஒரு கடைக்கு, ஒரு நூலகத்துக்கு அனுப்பி, அங்கே பாவிக்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் செய்யுங்கள். எங்கள் தம்பிக்கு அது ஒரு வகுப்பறையில் கிடைக்காத படிப்பாக இருந்தது என்று அவரே சொன்னார். ஆசிரியர் அவர்களே, உங்கள் கணினிப் பக்கத்திலும் மாதம் ஒருமுறை ஒரு மூலை ஒதுக்கி, எந்தத் திட்டத்தில் தமிழ் சம்பந்தமாக என்ன கேட்கப்படுகிறது, எது எடுக்கப்படப் போகிறது என்று போடுவீர்களா? இதைப் பத்திரிகை செய்யாவிட்டால் எங்களுக்கு வேறு எந்த வழியில் தெரியவரும்?

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை கடையைத் திறந்து வைக்கிறோம். திறந்த மூல மென்பொருளில் தமிழ் சம்பந்தமாக ஏதாவது சரியில்லை என்றால் யாரும் வந்து தமிழிலேயே சொல்லலாம். அக்கா சோதித்துப் பார்ப்பார், தம்பியும் அவர் கூட்டாளி ஒருவரும் ஆங்கிலத்தில் எழுதி உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். காசு இல்லை. இப்போது கையில் மூன்று இருக்கின்றன. ஒன்று, தமிழ் பிடிஎஃப் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டும்போது 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கமாகப் போவது. இரண்டாவது, அக்கா எழுதிவரும் சிவப்புக் கோட்டுச் சொற்களின் பட்டியல், அது ஒரு கொப்பியில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மூன்றாவதை அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்த ரீச்சர்தான் தந்தார். வகுப்புப் பெயர்ப் பட்டியலை ஒரு மென்பொருளில் அகரவரிசைப்படுத்தினால் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், வகரம் ழகரத்துக்குப் பின்னாலும் போய் நிற்கிறது. யூனிகோடில் எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு அப்படி, நெடுங்கணக்கு ஒழுங்கு வேறு. 'வளர்மதி' என்ற பிள்ளையின் பெயர் எங்கே வர வேண்டும் என்று ரீச்சர் கையால் எழுதித் தந்த தாள் மேசையில் இருக்கிறது, இந்த ஞாயிறு அதை அனுப்புகிறோம்.

இங்ஙனம்,
தட்டச்சுக் கடை உரிமையாளர்,
உவர்மலை, திருகோணமலை.